ஓடாத சைக்கிளுக்குக் காற்றடித்தவன்

மனிதர்களை நான் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தேன்: சைக்கிள் ஓட்டுகிறவர்கள், சைக்கிள் வைத்திருக்கிறவர்கள், நடக்கிறவர்கள். பினாங்குத் தீவு முழுவதையும் சலித்தாலும் முதல் வகையில் ஏழெட்டுப் பேர்தான் தேறுவார்கள். அந்த ஏழெட்டிலும் என்னைத் தவிர மற்றவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. நடக்கிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மணி அடித்தால் ஒதுங்குவார்கள். ஒதுங்காதவர்கள், ஒதுங்கியிருக்கலாமே என்று அப்புறம் நினைப்பார்கள். என் இளக்காரத்தை எல்லாம் நடு வகைக்காரர்களுக்கென்றே சேர்த்து வைத்திருந்தேன். எனக்குச் சோறு போட்டதும் அவர்கள்தான் என்பது அதில் ஒரு சங்கடம்.

சூலியா தெருவில் ஷேக் அலாவுதீன் சைக்கிள் கடையில் நான் ஃபிட்டர். முகம்மது சுல்தான் என்று பெயர். பெயரில்தான் சுல்தான், முழங்கை வரை கிரீஸ். காலையில் கடைப் பலகையை எடுத்ததுமே வந்துவிடுவார்கள். துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், கட்டை விரல் நீள ஆணி ஏறிய டயரை அப்படியே உருட்டிக்கொண்டு வந்து, "என்னா டயர்லா இது, மூணு மாசம் தாங்கலை" என்பார். ஆணியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தால், அதை நான்தான் வைத்த மாதிரி பார்ப்பார். சக்கர வளையம் பளபளக்க வேண்டும் என்று அதில் எண்ணெயைத் தடவிவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை, மீன்காரியின் கூடைக்குள்ளேயே போய்விட்டேன் என்று புகார் சொல்ல வருவார் ஒரு தையற்காரர். பலகாரக் கடைக்காரர் ஒருவர் சங்கிலிக்கு நெய் போட்டிருந்தார். "கடையில மிஞ்சினது, வீணாப் போவானேன்" என்றார். அந்தச் சங்கிலியிலிருந்து நான் எறும்பு பொறுக்கியதைத் தெருவே நின்று பார்த்தது.

"உன் மூஞ்சியைப் பார்த்தே பாதி யாவாரம் எதிர்க்கடைக்குப் போவுது, சுல்தானு" என்பார் முதலாளி.

"போகட்டும் முதலாளி. நெய் போடறவன்லாம் அங்கேயே போகட்டும்."

"அப்ப நீயும் அங்கேயே போயேன். அவன் நிம்மதியும் கெடட்டும்."

போகவில்லை. எனக்கு வேண்டியது வாரத்தில் ஒரு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சுபுஹு தொழுத கையோடு கிளம்பினால் தீவைச் சுற்றி நாற்பத்தைந்து மைல். கடற்கரையோரம் போய், பாலிக் புலாவ் மலையில் ஏறி இறங்கி, மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். அந்த ஏழெட்டுப் பேரும் வருவார்கள். மலை ஏற்றத்தில் நான் கடைசி. குறை என் காலில் இல்லை. என் சைக்கிள் பன்னிரண்டு செத்த சைக்கிள்களின் உறுப்புகளைச் சேர்த்து நானே கட்டியது. ஏற்றத்தில் அதற்குள்ளிருந்து அந்தப் பன்னிரண்டும் முனகும்.

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அப்போது ஒரு சீமைச் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு விரலால் சுற்றிவிட்டால் நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை சுற்றும். எட்டு மாதம் அதைத் துடைத்தேன். எட்டு மாதம் ஒரு பொருளைத் துடைக்கிறவனுக்கு அது தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. முதலாளிக்கு வரவில்லை என்பது வேறு விஷயம், அவர் துடைத்ததில்லை.

அதை வாங்க வந்தவர் காசிவிஸ்வநாதன் செட்டியார். பினாங்குத் தெருவில் கிட்டங்கி என்று நீளநீளமாகக் கட்டடங்கள் உண்டு. செட்டியார்கள் வரிசையாகப் பெட்டகம் போட்டு உட்கார்ந்து தொழில் செய்கிற இடம். ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாக வருவார்கள். மூன்று வருஷம் ஏஜெண்டாக இருந்துவிட்டுத் திரும்புவார்கள். இவர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நிறைந்த அரிசி மூட்டைக்கு வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி நிறுத்திய மாதிரி இருந்தார். சைக்கிளை மூன்று முறை சுற்றி வந்தார்.

"இது விழுமா?" என்றார்.

"நிக்கிறப்ப விழாது, செட்டியாரே" என்றேன்.

முதலாளி என் காலை மிதித்தார். விலை பேசி முடிந்தது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செட்டியார் பதறிப்போனார்.

"உருட்டாதேங்கறேன்! ரோட்டுல உருட்டினா டயர் தேயாதா?"

இரண்டு ஆட்கள் வந்தார்கள். சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு சூலியா தெருவில் ஊர்வலமாகப் போனார்கள். பின்னால் செட்டியார் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். குடை சைக்கிளுக்கு. நல்ல மனிதர் ஒருவரின் மையித்து கூட அடக்கத்துக்கு அவ்வளவு மரியாதையோடு போய் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கிட்டங்கிக்குப் போய் அந்தச் சைக்கிளுக்குக் காற்றடித்து, எண்ணெய் விட்டு, துடைத்துவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. அது முருகன் படத்துக்குக் கீழே ஒரு பலகைமேல் நின்றது. கைப்பிடியில் மல்லிகைச் சரம், மட்காடில் சந்தனப் பொட்டு. ஒரு நாள்கூட அது தெருவைப் பார்க்கவில்லை. ஓடாத சைக்கிளுக்குக் காற்றடிக்கிற ஆள் என்று எதிர்க்கடைக்காரன் எனக்குப் பட்டம் கொடுத்தான். நியாயமான பட்டம்தான். எனக்கு எரிச்சல் அவன்மேல் வரவில்லை. அந்த அரிசி மூட்டைமேல் வந்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளை முழுக்கப் பிரித்துப் பூட்டக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். "தூக்கிட்டுப் போ, உருட்டாதே" என்பார் செட்டியார். தெருவில் எல்லோரும் சைக்கிள்மேல் போக, என்மேல் சைக்கிள் போகும்.

திருட்டு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் சக்கரத்துக்குள் இருக்கும் குண்டுகள். அதிலிருந்த பளபளவென்ற புதிய குண்டுகளை எடுத்து என் சைக்கிளில் போட்டேன். என் பழைய குண்டுகளை அதில் போட்டேன். ஓடாத சக்கரத்துக்குக் குண்டு எப்படி இருந்தால் என்ன? அடுத்த தடவை மிதி அச்சு. அதற்கடுத்த தடவை ஃப்ரீவீல். பின்சக்கரத்துப் பல்வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சாமான் அது. உள்ளே இரண்டு சின்னக் கொக்கிகள். மிதித்தால் அவை சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். மிதிக்காமல் விட்டால் டிக்டிக்கென்று நழுவிச் சக்கரத்தைத் தன்பாட்டில் ஓடவிடும். என்னுடையதில் பல் தேய்ந்து, கொக்கி மழுங்கி, எப்போது பிடிக்கும் எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. மாற்றிப் பூட்டினேன். வெளியே தெரிகிற எதையும் தொடவில்லை. கௌரவமான திருடன் நான்.

அடுத்த ஞாயிறு பாலிக் புலாவ் மலையில் நான்தான் முதல். உச்சியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மேலே வந்த ஒவ்வொருவனையும், "என்ன, வழியில தூங்கிட்டியா?" என்று விசாரித்தேன். மூன்று வருஷத்தில் எனக்குப் பிடித்த வேலை அது.

செட்டியாரின் மூன்று வருஷம் முடிகிற சமயம். புது ஏஜெண்ட் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டாயிற்று. திங்கட்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல். சனிக்கிழமை நான் கடைசித் தடவையாகக் காற்றடித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு செட்டியாரே. நாளைக்கே ஏறி எங்க வேணா போகலாம்" என்றேன். மூன்று வருஷமாகச் சொல்லிவந்த அதே வாக்கியம். அதைச் சொல்லும்போது உள்ளுக்குள் சிரித்துக்கொள்வது வழக்கம்.

செட்டியார் எழுந்து கதவைச் சாத்தினார்.

"சுல்தானு, நீ வம்பு பேசாதவன். எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும், செட்டியாரே?"

"மூணு வருஷமா வர்றே. ஒருநாள் நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்ததில்லை. மத்த ஆளுங்ககிட்ட நின்னு ஒரு வார்த்தை பேசினதில்லை. வந்தோம், வேலையைப் பார்த்தோம், போனோம்னு இருக்கே. அது நல்ல குணமப்பா."

நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான். வெள்ளையன்னு பேரு" என்றார். குரல் தணிந்தது. "ஆறு வருஷத்துக்கு முன்னால இதே கிட்டங்கியில ஏஜெண்டுக்கு அடுத்தாளா வேலை பார்க்க வந்தான். ஒரு மலாய்க்காரப் பொண்ணு. மதம் மாறிக் கட்டிக்கிட்டான். அவனுக்கு இப்ப பேரு நூர் முகம்மதாம். புக்கிட் தெங்காவுல காப்பிக்கடை வச்சிருக்கான். எங்க ஊர்க் கோயில் கணக்குலேர்ந்து அவன் புள்ளியை எடுத்தாச்சு. வீட்டுல அவன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு பெத்த அப்பச்சி உத்தரவு."

"பக்கத்துலதானே செட்டியாரே இருக்கு. படகு ஏறினா..."

"இரு. நான் கிளம்பறப்ப ஆத்தா என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னா. 'அவன்கிட்ட நீ பேச வேணாம். உசுரோட இருக்கானா, வயிறாரச் சாப்பிடுறானான்னு ஒருதரம் கண்ணால பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு, போதும்' அப்படின்னா. மூணு வருஷம் ஆச்சு. நாளைக்கு விட்டா வேற நாள் இல்லை. ஆத்தா வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பா, நான் என்னன்னு சொல்லுவேன்?"

கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தார்.

"அதுக்குத்தான் இதை வாங்கினேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ரிக்‌ஷாவில் போனால் ரிக்‌ஷாக்காரன் சொல்வான். காரில் போனால் டிரைவர் சொல்வான். நடந்து போனால் வழியில் நாலு பேர் நிறுத்தி, எங்கே செட்டியாரே இந்தப் பக்கம் என்பார்கள். சைக்கிளில் போகிறவனைத்தான் யாரும் நிறுத்த முடியாது. அவனுக்குச் சாட்சியும் கிடையாது.

இருபது வருஷமாகச் சைக்கிளோடு கிடக்கிற எனக்கு இது தோன்றியதில்லை.

"அப்ப பழகியிருக்கலாமே?"

"எங்கே பழகுறது? இந்தத் தெருவுலயா? ஏஜெண்ட் செட்டியார் சாக்கடையில கிடந்தார்னு அடுத்த கப்பல்ல ஊருக்குக் காகிதம் போயிடும். ஒருநாள் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தாக. இங்கேயே ஏறிப் பார்த்தேன்." வேட்டியை லேசாக உயர்த்தினார். முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. "பெட்டகத்துல போய் மோதினேன்."

மட்காடில் ஒரு கீறல் இருந்தது எனக்குத் தெரியும். எலி என்று நினைத்திருந்தேன். நான் என் இளக்காரத்தை அது வழக்கமாக இருக்கும் இடத்தில் தேடினேன். அங்கே இல்லை. இடமே கொஞ்சம் புண்ணாக இருந்தது.

"நாளைக்கு நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"என் சைக்கிள்ல போவோம், செட்டியாரே. நல்லா ஓடும்."

"வேணாம். இதுக்குன்னு வாங்கினது. சாமிகிட்ட வச்சது. இதுலதான் போகணும்."

"அப்ப ஒருதரம் கடைக்குத் தூக்கிட்டுப் போய் எல்லாத்தையும் பார்த்துட்டு..."

"இப்பத்தானே சொன்னே, எல்லாம் சரியா இருக்கு, எங்க வேணா போகலாம்னு?"

ஆமாம், சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை ரயில்வேப் படகில் ஏறி, எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் இறங்கினோம். அதுவரை சைக்கிள் என் தோளில். கூட்டம் கலைந்ததும் செட்டியார் மடியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். "இப்ப உருட்டு" என்றார். மூன்று வருஷத்தில் அந்தச் சைக்கிள் முதன்முதலாகத் தெருவில் உருண்டது. பழங்கள் நசுங்கிச் சாறு தெறித்தது. நானும் கூடவே பிஸ்மி சொல்லிக்கொண்டேன். என் ஃப்ரீவீலைப் பற்றி எனக்குத்தானே தெரியும்.

ஆறு மைல். சமமான சாலை. தாங்கினாலும் தாங்கும்.

செட்டியார் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தார். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்து வணக்கம் சொன்னது. எப்படியோ சமாளித்து மிதித்தேன். யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று அவர் குடையை விரித்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். எதிர்க்காற்று குடையில் புகுந்தது. அரிசி மூட்டையோடு பாய்மரத்தையும் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரே படகு விடுகிற கதை. தென்னந்தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

"நம்மளையா?" என்றார் செட்டியார் குடைக்குள்ளிருந்து.

"பறவை, செட்டியாரே."

மூன்றாவது மைலில் ஒரு சின்னப் பாலம். அந்த அரையடி மேட்டுக்காக எழுந்து நின்று மிதித்தேன். அடியில் 'கடக்' என்றது. அப்புறம் மிதி லேசாகிவிட்டது. காலைச் சுற்றினேன், சுற்றினேன். சங்கிலி சுற்றியது, பல்வட்டம் சுற்றியது, சக்கரம் மட்டும் எனக்கென்ன என்று நின்றுவிட்டது. கொக்கிகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

"என்ன ஆச்சு?"

"கொஞ்சம் இறங்குங்க."

குனிந்து பார்ப்பது போல் பாவனை செய்தேன். பார்க்க என்ன இருக்கிறது? ஆறு வருஷம் என்னோடு முனகிய சாமான்.

"சீமைச் சாமான், செட்டியாரே. ஓடாம நின்னதுல உள்ளே இறுகியிருக்கு" என்றேன்.

பழியை அவர்மேலேயே போட்டேன். அவர் அதையும் வாங்கிக்கொண்டார். "என் தப்புதான். ஓட்டியிருக்கணும்" என்றார். அதைச் சொல்லாமல் இரண்டு அறை கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடக்க ஆரம்பித்தார். சாயங்காலம் எல்லோரும் வழியனுப்ப வருவார்கள், அதற்குள் கிட்டங்கியில் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது. மூன்று வருஷம் பெட்டகத்துக்குப் பின்னால் உட்கார்ந்த கால்கள் கால் மைலில் தடுமாறின. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. "தூரத்துலேர்ந்து பார்த்தாக்கூடப் போதும்" என்றார், என்னிடம் அல்ல, சாலையிடம்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மிதித்தால் ஓடாது; தள்ளினால் ஓடும்.

"செட்டியாரே, சீட்டுல ஏறுங்க. நான் தள்றேன்."

"நானா? சீட்டுலயா?"

"கைப்பிடியை நேரா வச்சிருங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டவைத்து, மைல்கல்மேல் ஏற்றி, அங்கிருந்து சீட்டுக்கு மாற்றினேன். கப்பலுக்கு யானை ஏற்றுகிறவர்களுக்குக்கூடக் கிரேன் கொடுப்பார்கள். ஒரு கை சீட்டுக்கடியில், ஒரு கை அவர் முதுகில். ஓட ஆரம்பித்தேன்.

"விடாதே! விடாதேங்கறேன்!"

"விடலை! முன்னால பாருங்க!"

நூறு கெஜம் பாம்பு மாதிரி நெளிந்தோம். அப்புறம் கைப்பிடி மெல்ல நேரானது. அவர் கால்கள் மிதியைத் தேடிக் கண்டுபிடித்தன. மிதிக்க ஆரம்பித்தார். மிதி காற்றாடி மாதிரி சுற்றியது.

"சுல்தானு! என்ன லேசா இருக்கு! பூ மாதிரில்ல சுத்துது!"

"ஆமா... செட்டியாரே..." எனக்குப் பேச மூச்சில்லை.

"இதுக்கா மூணு வருஷம் பயந்தேன்!"

"மிதிங்க... நல்லா மிதிங்க..."

அவர் மிதித்தார். நான் ஓடினேன். இரண்டரை மைல். பாலிக் புலாவ் மலையில் மரத்தடியில் உட்கார்ந்து நான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வழியில் தூங்கத்தான் முடியவில்லை. மேல்சட்டையை எங்கேயோ கழற்றிப் போட்டேன். எதிரே சைக்கிளில் வந்த ஒரு தவுக்கே, சீன முதலாளி, செட்டியாரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சைக்கிள்காரருக்குப் பின்னால் ஓடுகிறவனை வேறு எப்படிப் பார்ப்பது? நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

புக்கிட் தெங்கா வந்ததும் சாலை சரிகிறது. சரிவின் கீழே, வளைவில், ஓலைக்கூரை போட்ட காப்பிக்கடை. வாசலில் தேங்காய் மட்டை குவிந்து கிடந்தது. கைலி கட்டிய ஒருவன் குவளையை உயர்த்திக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தான். செட்டியார் அவனைப் பார்த்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்றவர், பார்த்ததும் மிதியை இன்னும் வேகமாகச் சுற்றினார். வியர்வையில் என் கை வழுக்கியது. சைக்கிள் போய்விட்டது.

"பிரேக்கு!" என்று கத்தினேன். மூன்று வருஷத்தில் பிரேக் என்று ஒன்று இருப்பதை நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

அவர் தனியாகப் போனார். ஒருவர் தொடாமல், ஒருவர் தள்ளாமல், குடுமி அவிழ்ந்து பறக்க, நேராகப் போனார். எனக்குத் தெரிந்து அவ்வளவு நேராக யாரும் முதல் தடவை போனதில்லை. ஆறு வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"ஒதுங்குடா! வெள்ளையா, ஒதுங்கு!"

வெள்ளையன் ஒதுங்கவில்லை. குவளையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்தான். மூவரும், சைக்கிளையும் சேர்த்துச் சொல்கிறேன், மட்டைக் குவியலுக்குள் போய் விழுந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி அண்ணனைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பில் அடி பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"அண்ணே... நீங்களா? சைக்கிள்லயா?"

"பிறையிலேர்ந்து ஓட்டிட்டு வர்றேன்" என்றார் செட்டியார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அது பொய் என்பது அவருக்கே தெரியாதென்றும் நினைக்கிறேன்.

உள்ளேயிருந்து ரோஹானா வந்தாள், வெள்ளையனின் மனைவி. இடுப்பில் ஒரு குழந்தை. அவள் செட்டியாரைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு குவளைக் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். "மினும், அண்ணே. குடிங்க" என்றாள். வெள்ளையன் அவளை ஜாடையில் தடுத்தான். அண்ணன் இந்த வீட்டில் கை நனைக்கமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். செட்டியார் குவளையைப் பார்த்தார். வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"சக்கரை கம்மி" என்றார்.

வெள்ளையன் அழுதான். சர்க்கரைக்கு அழுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"வயிறாரச் சாப்பிடுறியா? ஆத்தா கேட்டா."

"பாருங்கண்ணே." கைலிக்கு மேலே தொந்தியைத் தட்டிக் காட்டினான். "நம்ம குடும்பத்துத் தொந்தி எந்த மதத்துக்குப் போனாலும் கூடவே வரும் போல."

அவர்கள் பேசுவதற்கு விட்டுவிட்டு நான் வாசலில் வந்து உட்கார்ந்தேன். புறப்படும்போது செட்டியார் சைக்கிளின் கைப்பிடியைத் தம்பி கையில் கொடுத்தார். "உன்னைப் பார்க்கறதுக்குன்னு வாங்கினது. பார்த்தாச்சு. இனி நீ வச்சுக்க. புதுசு. சுல்தான் கண்ணு மாதிரி பார்த்துக்கிட்டான்."

வெள்ளையன் காப்பிக்கடைக்காரன். தினமும் சைக்கிளில் சாமான் ஏற்றுகிறவன். பின்சக்கரத்தைத் தூக்கி மிதியை ஒரு அழுத்து அழுத்தினான். சக்கரம் அசையவில்லை. பல்வட்டத்தில் தேய்ந்த பல்லைக் கட்டை விரலால் தடவினான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவனுக்கு அது நல்ல குணமாகப் படவில்லை.

"மூணு வருஷம் ஓட்டாத சைக்கிளா பாய் இது?" மெதுவாகத்தான் கேட்டான், அண்ணன் குழந்தையின் கன்னத்தைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா."

"சரி. இப்ப எடுத்துட்டுப் போங்க. அடுத்த ஞாயிறு கொண்டாங்க." சற்று நிறுத்தி, "அண்ணனுக்குத் தெரிய வேணாம். சந்தோஷமா ஓட்டிட்டு வந்திருக்கார்" என்றான்.

பிறைக்குப் போகும் தேங்காய் வண்டி ஒன்றில் எங்களையும் சைக்கிளையும் ஏற்றிவிட்டான். வண்டியில் செட்டியார் இரண்டு தடவைதான் வாயைத் திறந்தார். முதல் தடவை, "தொந்தி இருக்கு" என்றார். இரண்டாவது தடவை, "ஆத்தாகிட்ட குழந்தையையும் சொல்லிடுவேன்" என்றார்.

திங்கட்கிழமை படகுத்துறையில் அவ்வளவு பெரிய மனிதர்கள் மாலையோடு நிற்க, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஊருக்குப் போனதும் ஒண்ணு வாங்கிடப் போறேன், சுல்தானு. ஆனா கடைக்காரன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடுவேன். மிதிச்சா அதே மாதிரி பூவாட்டம் சுத்தணும். இல்லேன்னா வேணாம்னு."

அந்தக் கடைக்காரன் யாரோ, அவனுக்காக நான் துஆ செய்தேன்.

அந்த வாரம் என் சைக்கிளைப் பிரித்தேன். குண்டுகள், அச்சு, ஃப்ரீவீல், எல்லாம் அதனதன் வீட்டுக்குப் போயின. என் சைக்கிளுக்கு அதன் பழைய சாமானே போதும் என்று என் பழைய குண்டுகளைக் கையில் எடுத்தேன். மாவாக இருந்தன. தூக்கிப் போட்டேன்.

"என்னடா, உன் வண்டி எலும்புக்கூடா நிக்குது?" என்றார் முதலாளி.

"கழுவறேன், முதலாளி."

"எப்ப பூட்டுவே?"

"சாமான் வரணும்."

"எங்கேருந்து?"

கிராணியின் டயரில் அன்றைய ஆணியைத் தேட ஆரம்பித்தேன்.

ஞாயிறு, என் ஏழெட்டுப் பேர் மலைக்குக் கிளம்பிய நேரத்தில், நான் பிறையிலிருந்து புக்கிட் தெங்காவுக்கு அந்தச் சைக்கிளில் போனேன். அதில் நான் தனியாக உட்கார்ந்து ஓட்டியது அந்த ஆறு மைல்தான். அது எப்படி ஓடியது என்று சொல்லமாட்டேன். சொன்னால் மறுபடி ஆசை வரும். வெள்ளையன் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கினான். "இப்பச் சரி" என்றான். ரோஹானா தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

"ஏறுங்க பாய், பிறையில விடறேன்" என்றான் வெள்ளையன்.

"இல்லை. நடக்கிறேன்" என்றேன்.

நடந்தேன். ஆறு மைல் நடந்தால் எவ்வளவு தூரம் என்பது, நடந்தால்தான் தெரிகிறது. பாலத்தைத் தாண்டும்போது பின்னால் மணி அடித்தது. ஒரு ஆள், சைக்கிள் வைத்திருக்கிற வகை. சீட்டு இரண்டு அங்குலம் தாழ்ந்து, முழங்கால் தாடையில் இடிக்க வந்துகொண்டிருந்தான்.

"ஒதுங்குலா! ரோடு என்னா உங்க வீட்டு வாசலா?" என்றான்.

ஒதுங்கினேன். அவன் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவனுடைய சங்கிலி கிறீச் கிறீச்சென்று வளைவு வரை கேட்டது. நெய்யாவது போட்டிருக்கலாம்.